எங்கே நிறுத்தினீர்கள்?

ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது ஆண்டு அது. இரவு ஷிப்டு, மணி இரண்டைத் தாண்டியிருந்தது. நிலத்தடியில் ஒரு பகுதியில் கூரை சரிந்துவிட்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்தது. யாரும் சிக்கவில்லை, ஆட்களை வெளியே அனுப்புகிறோம், எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்றார்கள். என் மேசையின் வலது ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. மூடியைத் தூக்கி அதை அழுத்தினேன். நிலக்கரியை வெளியே கொண்டுவரும் ஏழு கன்வேயர் பெல்ட்டுகளுக்கும் ஒரே நொடியில் மின்சாரம் போனது. திரையில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. அந்த ஆண்டில் நான் செய்த மிகச் சரியான காரியம் அதுதான் என்ற நினைப்பில் ஒரு குவளை தண்ணீர் குடித்தேன்.

கால் மணி நேரத்தில் நான்காம் எண் ஷூட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெல்ட்டின் நிலக்கரி அடுத்த பெல்ட்டில் விழும் இடத்தில் இருக்கும் இரும்புப் பெட்டியைத்தான் ஷூட் என்போம். அது நிரம்பி வழிந்து, பக்கத்து நடைபாதையை ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளத்துக்கு இடுப்பளவு மூடிவிட்டிருந்தது. அந்த நடைபாதைதான் அந்தப் பகுதியின் இரண்டாவது தப்பிக்கும் வழி. நல்லவேளையாக, எல்லோரும் முதல் வழியாகவே வெளியேறியிருந்தார்கள். நான்கு பேர் மண்வெட்டியுடன் இரண்டு மணி நேரம் போராடித்தான் நடைபாதையும் ஷூட்டும் திறந்தன.

விடியும் நேரத்தில் பெல்ட் ஃபோர்மேன் மேலே வந்தார். வயதில் என்னைவிட இருபது ஆண்டு மூத்தவர். முகத்தில் கண் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டார்:

"நிறுத்தினீர்கள், சரி. எங்கே சார் நிறுத்தினீர்கள்?"

"எங்கே என்றால்? இங்கிருந்துதான் அண்ணா. இந்தப் பொத்தானில்."

"பொத்தானைக் கேட்கவில்லை சார். கரியைக் கேட்கிறேன்."

அவர் கேட்டது அன்று எனக்கு முழுதாகப் புரியவில்லை. பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தாளிலிருந்துதான் என் தொழிலே தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது.

மணிக்கு 3,600 டன் கொண்டுபோகும் பெல்ட் என்றால் நொடிக்கு ஒரு டன். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றால் ஒவ்வொரு மீட்டரிலும் 200 கிலோ கிடக்கும். ஒரு கிலோமீட்டர் பெல்ட்டின் முதுகில் எந்த நேரத்திலும் 200 டன். மின்சாரம் போனால் இது உடனே நின்றுவிடாது. சமதளத்தில் ஓடும் நீளமான பெல்ட், தன் கனத்தின் உந்துதலில் இன்னும் 20 நொடி ஊர்ந்துதான் நிற்கும். அந்த 20 நொடியில் அது சுமார் 10 டன்னைக் கீழே தள்ளும். அடுத்திருப்பது மேட்டில் ஏறும் பெல்ட். அதில் கிடக்கும் சுமையே பிரேக் மாதிரி இழுப்பதால் அது 12 நொடியில் நின்றுவிடும். ஆகவே அது எடுத்துக்கொண்டு போவது 6 டன் மட்டும். மீதி 4 டன், அதாவது ஏறக்குறைய 4.7 கன மீட்டர் நிலக்கரி, இரண்டுக்கும் நடுவே எங்காவது இருந்தாக வேண்டும். என் ஷூட்டில் காலியாக இருந்த இடம் 2 கன மீட்டர். மிச்சம்தான் நடைபாதையில் கிடந்தது.

பொத்தானை அழுத்தியது தவறில்லை. அந்த 4 டன்னுக்கு யாரும் இடம் ஒதுக்கியிருக்கவில்லை, அதுதான் தவறு. கன்வேயர் வரிசையைக் கிளப்பும்போது கடைசி பெல்ட்டை முதலில் ஓட்டி, பின்னோக்கி ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். நிறுத்தும்போது ஊட்டத்தை, அதாவது முதல் பெல்ட்டில் நிலக்கரி விழுவதை, முதலில் அடைத்து, முதல் பெல்ட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டே வருவோம். இந்த ஒழுங்கை இன்டர்லாக் என்னும் தானியங்கிப் பூட்டு பார்த்துக்கொள்ளும். ஆனால் அவசர நிறுத்தம் இந்த ஒழுங்கு முழுவதையும் ஒரே அடியில் தாண்டிவிடுகிறது. அதனால்தான், வடிவமைக்கும்போதே ஒவ்வொரு ஷூட்டிலும் இந்த வழிசலுக்கான இடத்தைக் கணக்கிட்டு விட வேண்டும். எங்கள் ஷூட்டிலும் முதலில் விட்டிருந்தார்கள். பின்னாளில் உற்பத்தியைக் கூட்டுவதற்காகப் பெல்ட்டின் வேகத்தை உயர்த்தியபோது, அந்த இடத்தை மறுபடி அளந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு வகைப் பெல்ட்டும் உண்டு. மலையிலிருந்து கீழே இறங்குவது. அதைச் சுமையே இழுத்துக்கொண்டு போகும். மோட்டாரின் வேலை பிடித்து நிறுத்துவது. மற்ற பெல்ட்டுகளுக்கு மின்தடை என்றால் ஓய்வு. இதற்கோ மின்தடை என்றால் கடிவாளம் அறுந்த மாதிரி. பிரேக் தேய்ந்திருந்தால் அன்றுதான் தெரியும்.

இதற்குப் பிறகு நான் நிறுத்தங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். பெல்ட்டில் ஒருவரின் கையோ உடையோ சிக்கிவிட்டது என்றால் கணக்கு வழக்கெல்லாம் கிடையாது. பெல்ட் ஓரமாக நெடுக ஓடும் அவசரக் கயிற்றை இழு, எங்கே வழிந்தாலும் வழியட்டும். தூரத்தில் ஏதோ நடந்திருக்கிறது, ஆட்கள் வெளியேறுகிறார்கள் என்றால் ஊட்டத்தை அடைத்துவிட்டுப் பெல்ட்டுகளைக் காலியாக ஓடவிட்டு நிறுத்தலாம். சில நிமிடங்கள்தான் ஆகும். காலிப் பெல்ட்டாக நின்றால் மறுபடி கிளப்புவதும் எளிது. சுமையோடு நின்ற பெல்ட்டைக் கிளப்பப் பெரிய மோட்டார்கள் திணறும். அவற்றை அடுத்தடுத்து எத்தனை முறை கிளப்பலாம் என்பதற்கே வரம்பு உண்டு. பொறுமையிழந்து மூன்றாம் முறை முயன்றால் சுருள் எரியும். மூன்றாவது வகை, நிறுத்தவே கூடாதவை. அதற்குப் பிறகு வருகிறேன்.

என் கதையில் நடந்தது இரண்டாம் வகை. நான் கொடுத்தது முதல் வகை மருந்து.

நின்ற பெல்ட் பாதுகாப்பான பெல்ட் என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். பெல்ட்டுக்குக் கீழே ஆயிரக்கணக்கான உருளைகள் சுழல்கின்றன. அவற்றில் ஒன்றின் பேரிங் கெட்டு, பழுக்கக் காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை எந்த ஓர் இடமும் அந்த உருளையின்மேல் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட நிற்பதில்லை. சூடு பரவிக் கரைந்துவிடுகிறது. பெல்ட் நின்றதும் ரப்பரின் ஒரே இடம் அந்தச் சூட்டின்மேல் உட்கார்ந்துவிடுகிறது. அதைச் சுற்றிலும் நிலக்கரித் தூள். எல்லோரும் வெளியேறிய பின், பார்ப்பதற்கு ஆளில்லாத நேரத்தில் புகையத் தொடங்குகிறது. அதனால் பெல்ட்டை நிறுத்தினால், நிலைமை இடம் கொடுத்தால், ஒருவர் அதன் நீளம் முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். நடக்க முடியாத நிலைமை என்றால் கார்பன் மோனாக்சைடு உணரிகளை நம்ப வேண்டும். அவையாவது வேலை செய்ய வேண்டும்.

பெல்ட் தீ எவ்வளவு கொடுமையானது என்பதற்கு 1950 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தின் டெர்பிஷையரில் உள்ள கிரெஸ்வெல் நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்தது சாட்சி. கிழிந்த பெல்ட் துண்டுகள், ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்ததற்கு நிலக்கரி மாறும் இடத்தின் ஷூட்டில் அடைத்துக்கொண்டன. உராய்வில் ரப்பர் பற்றியது. 80 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தீயால் அல்ல, காற்றோடு வந்த கார்பன் மோனாக்சைடால். தீயை அடக்க, உள்ளே உடல்கள் இருக்கும்போதே அந்தப் பகுதியை அடைத்து மூட வேண்டியிருந்தது. எளிதில் தீப்பிடிக்காத பெல்ட்டுகள் நிலத்தடிக்கு வந்ததற்கு அந்த 80 பேர்தான் முக்கியக் காரணம். ஒரு ஷூட் அடைத்துக்கொள்வது எங்கள் அன்றாட நாள்குறிப்பில் ஒரு வரி. கிரெஸ்வெல்லும் அப்படித்தான் தொடங்கியது.

2006 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அரகோமா ஆல்மா சுரங்கத்தில் மறுபடியும் பெல்ட் தீ. தீக்குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை. வால்வு எங்கோ மூடப்பட்டிருந்தது. பெல்ட் பாதைக்கும் தப்பிக்கும் பாதைக்கும் நடுவே காற்றைப் பிரிக்க இருந்திருக்க வேண்டிய சுவர் ஓரிடத்தில் இல்லை. புகை நேராகத் தப்பிக்கும் பாதைக்குள் வந்தது. பன்னிரண்டு பேர் குழுவில் பத்துப் பேர் தப்பினார்கள், இருவர் வழிதவறி இறந்தார்கள். அவசரத்தில் நிலக்கரி எங்கே நிற்கும் என்று யோசிக்கிறோம். காற்று எங்கே போகும் என்பதும் அதே கேள்விதான். ஒரு சுரங்கத்தில் மிக அதிகமாக நகரும் பொருள் காற்று. பல சுரங்கங்களில் எடுக்கும் கனிமத்தைவிட உள்ளே அனுப்பும் காற்றின் எடை அதிகம்.

இப்போது நிறுத்தவே கூடாதவை. பட்டியல் போட்டால் சிறியதுதான், ஆனால் ஒவ்வொன்றும் பிடிவாதக்காரன். தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், பம்பு ஓடியாக வேண்டும். வாயு கசிந்துகொண்டே இருக்கும், விசிறி ஓடியாக வேண்டும். மேற்பரப்பில் ஆலை இருந்தால், அரைத்த தாதுவும் தண்ணீரும் கலந்த கூழ் குழாய்களில் ஓடிக்கொண்டிருக்கும். அதை அப்படியே நிறுத்தினால் கனமான துகள் அடியில் படிந்து, சரிவான இடங்களில் வழுக்கி, குழாயின் தாழ்ந்த வளைவில் கட்டியாக நிற்கும். ஆகவே தண்ணீர் விட்டு அலச வேண்டும். அலசின தண்ணீர் எங்கே போகும்? அதற்குத் தாழ்வான இடங்களில் காலிக்குட்டை வெட்டி வைத்திருக்க வேண்டும். சிமென்ட் கலந்த கூழால் பழைய குடைவுகளை நிரப்பும் சுரங்கங்களில் இது இன்னும் மோசம். மின்சாரம் போய் அலசவும் முடியாவிட்டால், சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர் குழாய் கல்தூணாகிவிடும். அதை வெட்டி எடுத்துப் புதுக்குழாய் போடுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

கூழைக் கெட்டிப்படுத்தும் பெரிய வட்டத்தொட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே மெதுவாகச் சுழலும் வாரி ஒன்று அடிச்சேற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆலை நின்றாலும் சேறு படிவது நிற்காது. வாரி நின்றால் சேற்றுக்குள் புதைந்துவிடும். பிறகு அதை எழுப்ப முடியாது. அவசர ஜெனரேட்டரில் எதற்கு முதலிடம் என்று ஒருமுறை கூட்டம் நடந்தபோது, அலுவலகக் குளிர்சாதனம் பட்டியலில் இருந்தது, இந்த வாரி இல்லை. அன்று நான் குரலை உயர்த்திப் பேசிவிட்டேன். அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

தாதுவை மேல் மட்டத்திலிருந்து கீழ் மட்டத்துக்கு இறக்கப் பாறையிலேயே வெட்டிய செங்குத்துக் கிணறுகள் உண்டு. நாங்கள் பாஸ் என்போம். இவற்றை நீண்ட நாள் நிறுத்துவது தனிக்கலை. காலியாக விட்டால், மறுபடி தொடங்கும்போது மேலிருந்து விழும் முதல் பாறை அடியில் உள்ள இரும்பு வாயிலைப் பிளந்துவிடும். ஆகவே உள்ளே ஒரு மெத்தை அளவு கல் எப்போதும் இருக்க வேண்டும். நிரப்பி விட்டாலோ, ஈரத்தூள் இறுகிக் கமான் கட்டிக்கொள்ளும். கிணற்றின் விட்டம் மிகப் பெரிய கல்லைப் போல் ஐந்து மடங்காவது இருந்தால் கற்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளாது என்பது பொதுவான விதி. ஆனால் பசைத்தன்மையுள்ள ஈரத்தூளுக்கு அந்த விதி பொருந்தாது. கமானுக்கு மேலே தண்ணீர் தேங்கும். ஒருநாள் யாராவது அடியில் நின்று கடப்பாரையால் குத்திப் பார்ப்பார். அவ்வளவுதான். இதனால், சுரங்கம் முழுதும் நின்றிருந்தாலும் பாஸிலிருந்து தினமும் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருப்பதுதான் நல்லது. உற்பத்திக்காக இல்லை, கல் தூங்கிவிடாமல் இருக்க. இதற்கு ஆளும் மின்சாரமும் கேட்டால் நிர்வாகத்தில் ஒரு விசித்திரமான பார்வை கிடைக்கும்.

ஈரமான நொறுங்கல் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2025 செப்டம்பர் 8 அன்று இந்தோனேசியாவின் கிராஸ்பர்க் சுரங்கம் காட்டியது. சுமார் 8 லட்சம் டன் ஈரக்கலவை நிலத்தடிக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அங்கே இயந்திரம் எதுவும் அந்தச் சேற்றைத் தள்ளவில்லை. தண்ணீரும் புவியீர்ப்பும் சேர்ந்து நடத்திய கன்வேயர் அது. அதற்கு அவசரக் கயிறு கிடையாது.

ஃபோர்மேனின் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டுப் பார்த்தால் பழைய பேரழிவுகள் வேறு மாதிரித் தெரிகின்றன. 1970 செப்டம்பர் 25 அன்று சாம்பியாவின் முஃபுலிரா செம்புச் சுரங்கத்தில் 89 பேர் இறந்தார்கள். ஆலைக் கழிவுச் சேற்றைச் சுரங்கத்துக்கு நேர் மேலேயே சேர்த்து வைத்திருந்தார்கள். அது ஓட்டை விழுந்து உள்ளே இறங்கியது. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபர்ஃபானில் சரிந்த ஏழாம் எண் கழிவுக் குவியல் ஓர் ஊற்றின்மேல் கொட்டப்பட்டது. 144 பேர், அவர்களில் 116 பேர் குழந்தைகள். 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடினோவில் உடைந்த அணையில் கழிவு கொட்டுவதை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தார்கள். நின்றுபோன, கணக்கு முடித்த, யாரும் தினமும் திரும்பிப் பார்க்காத பொருள். அதன் பாதையில் தாழ்வாக இருந்தவை சுரங்கத்தின் அலுவலகமும் உணவுக்கூடமும். 270 பேர். சாப்பாட்டு நேரம் அது. இந்த மூன்றிலும் பொருளை நிறுத்தியாகிவிட்டது. எங்கே என்பதற்கு மட்டும் பதில் தப்பாக இருந்தது.

நிலத்தடியை விட்டுத் திறந்தவெளிச் சுரங்கத்துக்கு மாறியபோது, பெல்ட்டின் தொல்லை விட்டது என்று மகிழ்ந்தேன். டம்பர் வண்டிக்குச் சொந்த பிரேக் உண்டு, ஓட்டுநருக்கு மூளை உண்டு, எது எங்கே நிற்கிறது என்பது திரையில் தெரியும். ஒரு பிற்பகல் குழியின் அடித்தளத்தில் ஒரு ஃபிட்டரின் கால் நசுங்கிவிட்டது. விதிப்படி வானொலியில் அறிவித்தோம்: "அவசரநிலை. எல்லா வண்டிகளும் இருக்கும் இடத்திலேயே நிற்கவும்." அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். ஏற்றத்தில் சாலைப்பணி நடந்துகொண்டிருந்த ஒரு குறுகலான வளைவில், சுமையோடு மூன்று டம்பர்கள் எதிரும் புதிருமாக நின்றன. ஆம்புலன்ஸ் அவற்றுக்குப் பின்னால் பதினொரு நிமிடம் விளக்கைச் சுழற்றிக்கொண்டு காத்திருந்தது. ஒவ்வொரு ஓட்டுநரும் கட்டளையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார். கட்டளையை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

ஃபிட்டர் பிழைத்தார், நடக்கிறார். மறுவாரம் அந்த வாசகத்தை மாற்றினோம். 'நில்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வழி விடு' என்று போட்டோம். மேலே ஏறும் சுமை வண்டி ஏறி முடித்துக் கொட்டிவிட்டு நிற்கட்டும். இறங்கும் காலி வண்டி அடுத்த அகலமான இடத்தில் ஓரம் கட்டட்டும். அடித்தளத்தில் இருப்பவை சாலைக்குள் நுழையவே வேண்டாம். வெடிமருந்து வண்டி எங்கே இருந்தாலும் முதலில் அதை வெளியேற்ற வேண்டும், மருந்து அடைத்த துளைகள் இருக்கும் இடத்துக்கு உடனே காவல் போட வேண்டும். மொத்தம் நான்கு வரி. எழுதிவிட்டுப் பார்த்தால் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. அதை எழுத ஒருவரின் கால் நசுங்க வேண்டியிருந்தது.

சரியாக நடந்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் தொழிலே ஓர் ஒப்பாரி என்று நினைத்துவிடுவீர்கள். அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள பிங்காம் கேன்யன் செம்புச் சுரங்கத்தின் ஒரு சுவர் நகர்வதை ராடார்கள் பல வாரங்களாகக் காட்டிக்கொண்டிருந்தன. சரிவு வரப்போகிறது என்று நிர்வாகமே முன்கூட்டி அறிவித்தது, ஆட்களை வெளியேற்றியது. 2013 ஏப்ரல் 10 அன்று இரவு, இரண்டு தவணையாக ஏறக்குறைய 14.5 கோடி டன் பாறை குழிக்குள் இறங்கியது. பாறை அள்ளும் ஷவல்களும் டம்பர்களும் புதைந்தன. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. எல்லோரும் ராடாரைப் புகழ்கிறார்கள். நான் வியப்பது வேறு: உற்பத்தி செய்துகொண்டிருக்கும் ஒரு குழியை, இன்னும் எதுவும் விழாத ஒரு நாளில், காலி செய் என்று சொல்லும் துணிவு.

அந்தத் துணிவு வெறும் குணத்திலிருந்து வருவதில்லை, குவியலிலிருந்தும் வருகிறது. ஆலைக்கு முன்னால் போதுமான தாது சேர்த்து வைத்திருக்கும் மேலாளர் சுரங்கத்தை நிறுத்தத் தயங்கமாட்டார். குவியல் கரைந்த மேலாளர் விரிசலைப் பார்த்துவிட்டு "இந்த ஷிப்டு முடியட்டும்" என்பார். நல்லவரும் அப்படித்தான் சொல்வார், நான் கேட்டிருக்கிறேன். இதில் இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. அறிக்கையில் குவியல் 40,000 டன் என்று இருக்கும். மணிக்கு 500 டன் அரைக்கும் ஆலைக்கு 80 மணி நேரம் என்று நிம்மதியாக இருப்பார்கள். கூம்பு வடிவக் குவியலின் அடியில் தாதுவை இழுத்து ஆலைக்கு அனுப்பும் ஊட்டி ஒன்றே ஒன்று இருந்தால், தானாகச் சரிந்து இறங்குவது ஏறக்குறைய கால்பங்கு மட்டும். அதாவது 10,000 டன், 20 மணி நேரம். மிச்சத்தைத் தள்ள புல்டோசர் வேண்டும். அவசர நாளில் புல்டோசரும் அதன் ஓட்டுநரும் மீட்பு வேலையில் இருப்பார்கள். நிலக்கரியாக இருந்தால் இன்னொன்றும் சேரும்: அசையாமல் கிடக்கும் குவியல் உள்ளுக்குள் தானாகச் சூடேறும்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளியே வரும் பொருள். பேரிடர் முற்றினால் ஓட்டம் திசை மாறிவிடுகிறது. பல ஆண்டுகளாக வெளியே தள்ளுவதற்கென்றே கட்டிய இடம், திடீரென்று உள்ளே வாங்க வேண்டியிருக்கிறது. முட்டுக்கட்டை, பம்பு, குழாய், சிமென்ட், ஆக்சிஜன். ஆட்களையும் பொருளையும் ஏற்றி இறக்கும் கூண்டு ஒன்று, ஒரு தடவை போய்வர ஆறு நிமிடம் என்றால் மணிக்குப் பத்து நடைதான். அதில் எத்தனை நடை பொருளுக்கு, எத்தனை நடை ஆட்களுக்கு என்பதைத் தீர்மானிக்கத் தலைவாசலில் ஒரே ஒருவர் இருக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் கூண்டு நடுவழியில் நிற்கும்.

ஒருமுறை எங்கள் பகுதியில் நீர் புகுந்தபோது, அக்கம்பக்கத்துச் சுரங்கங்கள் எல்லாம் கேட்காமலேயே உதவி அனுப்பின. வாசலில் லாரி வரிசை. ஆறு அங்குலக் குழாய் வந்து இறங்கியது, ஆனால் குழாய்களை இணைக்கும் விளிம்பான ஃபிளாஞ்சின் துளைகள் எங்களுடையதோடு பொருந்தவில்லை. அவசரமாகத் தேவைப்பட்ட கேபிள் இணைப்பு, முன்னால் நின்ற மூன்று லாரி மரக்கட்டைகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. அனுப்பியவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் அன்று நான் கற்றது, உதவியும் ஒரு சரக்கு, அதற்கும் ஊட்டத்தை அடைக்கத் தெரிய வேண்டும். வாசலுக்கு வெகுதூரம் முன்னால் ஒரு காலித் திடலில் எல்லாவற்றையும் நிறுத்தி, கேட்டதை மட்டும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.

2010 ஆகஸ்ட் 5 அன்று சிலியின் சான் ஹோசே சுரங்கத்தில் 33 பேர் சுமார் 700 மீட்டர் ஆழத்தில் அடைபட்டார்கள். இரண்டு மூன்று நாளுக்கான அவசர உணவை 17 நாள் பங்கிட்டுத் தின்றார்கள். பிறகு ஒரு துரப்பணத் துளை அவர்களை எட்டியது. ஒரு சாண் அகலம்கூட இல்லாத அந்தத் துளைவழியேதான் நீண்ட குழல்களில் உணவு, மருந்து, கடிதம் எல்லாம் இறங்கின. அந்தக் குழலுக்குப் புறா என்று பெயர் வைத்தார்கள். ஏற்கெனவே போட்ட துளையை அகலப்படுத்தி ஆட்களை ஏற்றுவது என்று முடிவானபோது, ஒரு சிக்கல் வந்தது. அகலப்படுத்தும்போது நொறுங்கும் கல் எங்கே போகும்? மேலே வர வழியில்லை. கீழேதான் விழும், காத்திருக்கும் ஆட்கள் இருக்கும் இடத்தில். எனவே அடைபட்டிருந்தவர்களே முறைபோட்டு, உள்ளே இருந்த தங்கள் இயந்திரத்தைக் கொண்டு அந்தக் கல்லை அள்ளி அப்புறப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். அள்ளுவது நின்றால் துளை அடைபடும். 69ஆம் நாள், அக்டோபர் 13 அன்று, சுமார் 54 சென்டிமீட்டர் அகலக் கூண்டில் கடைசி ஆள் வெளியே வந்தார். அந்த மீட்பைப் பற்றிப் பேசுபவர்கள் கூண்டைப் பற்றியே பேசுகிறார்கள். நான் அந்த ஷிப்டு அட்டவணையைப் பற்றி நினைத்துக்கொள்வேன்.

நான்காம் எண் ஷூட்டுக்குத் திரும்புகிறேன். என் கணக்குத் தாளைக் காட்டி, பல கூட்டங்களுக்குப் பிறகு, அதன் அடியில் 6 கன மீட்டர் கொள்ளும் ஒரு வழிசல் குழி வெட்டவைத்தேன். ஃபோர்மேன் ஓய்வுபெறுவதற்கு முந்தைய மாதம் அது முடிந்தது. இறங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல குழி சார்" என்றார். கொஞ்சம் யோசித்து, "இதைக் காலியாக வைத்திருக்க யாரைப் போடப்போகிறீர்கள்?" என்றார்.

சில மாதங்களுக்கு முன்பு அந்தச் சுரங்கத்துக்கு ஓர் ஆய்வுக்காகப் போயிருந்தேன். குழி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. அன்றாடம் சிந்தும் தூள், இரண்டு பழைய உருளைகள், ஒரு கிழிந்த கையுறை, யாரோ மறந்து விட்ட மண்வெட்டி. வழிகாட்டிய இளைஞரிடம் இதை எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்டேன். நிரம்பியதும் செய்வோம் சார் என்றார்.